நண்டுத்தீவின் மூன்றாம் வெடி

நாடு என்றால் ராஜா வேண்டும், ராஜா என்றால் படை வேண்டும், படை என்றால் எதிரி வேண்டும். இந்த மூன்றில் ஒன்றுகூட நிஜமாக இல்லாமல் ஒரு நாடு அந்தக் காலத்தில் இருந்தது. உட்காருங்கள், சொல்கிறேன். சிரிப்பு வருகிற இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் வராது.

தென்கடலில், கரையிலிருந்து பாய் விரித்தால் ஒரு பகல் தொலைவில் நண்டுத்தீவு இருந்தது. அடுப்பில் உலை வைத்துவிட்டு நடக்கத் தொடங்கினால், சோறு வேகும் முன்னே தீவைச் சுற்றி வந்துவிடலாம். தொண்ணூறு வீடு, நாலு கிணறு, எண்ண முடியாத அளவுக்கு நண்டு. கரையில் இருந்த பெரிய ராஜாக்கள் யாரும் அதைத் தங்கள் நாட்டோடு சேர்த்துக்கொள்ளவில்லை. சேர்த்தால் ஒரு காவல்காரனை அனுப்ப வேண்டும், அவனுக்குச் சோறு போட வேண்டும் என்று விட்டுவிட்டார்கள்.

தீவுக்காரர்கள் அதற்காக வருத்தப்படவில்லை. தாங்களே ஒரு ராஜ்யத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். தை பிறந்ததும் மணலில் பெரிய வட்டம் போட்டு, ஊரே சுற்றி உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்ளும். நடுவில் ஒரு நண்டை விடுவார்கள். அது யார் காலைத் தொடுகிறதோ அவர்தான் அந்த ஆண்டுக்கு மகாராஜா. பனையோலையில் கிரீடம், மீன்கூடை கவிழ்த்துச் சிம்மாசனம். ராஜாவுக்குக் கட்ட வேண்டிய வரி, வீட்டுக்கு ஒரு பொய். நல்ல பொய்யாக இருக்க வேண்டும். சொத்தைப் பொய் சொன்னவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று இன்னொன்று சொல்ல வேண்டும். அந்த நாட்டில் அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

ராஜா கிடைத்தார். படை எங்கே?

படையைக் கடலே கொண்டுவந்து கொடுத்தது. எப்போதோ உடைந்த ஒரு வெளிநாட்டுக் கப்பலின் பீரங்கி ஒன்று மேற்குப் பக்கம் மணலில் புதைந்து கிடந்தது. தோண்டி எடுத்து, துருவைச் சுரண்டி, கிழக்குத் துறை மேட்டில் தூக்கி வைத்தார்கள். அதற்கு வாயாடி என்று பேர் வைத்தார்கள். வாயாடிக்கு ஒரு பீரங்கிப் படை வேண்டும் என்று ராஜா தமுக்கடித்ததும் ஏழு பேர் வந்து நின்றார்கள். சம்பளம் இல்லை, சண்டை இல்லை, விருப்பப்பட்டு வந்தவர்கள். ஆனால் ஏழு பேரில் ஒருவரும் சாதாரணச் சிப்பாயாக இருக்க ஒப்பவில்லை. அதனால் ஏழு பேருமே தளபதிகள் ஆனார்கள். உலகத்திலேயே சிப்பாய் இல்லாத படை அது ஒன்றுதான்.

அந்த ஏழு தளபதிகளில் ஒருவர் தலைத் தளபதி. அவர் பேர் சடையாண்டி. இந்தக் கதை அவருடையது.

சடையாண்டிக்குத் தொழில் சுண்ணாம்பு சுடுவது. கடற்கரையில் சிப்பி பொறுக்கி, காளவாயில் அடுக்கி, சுட்டு, நீற்றி, சுண்ணாம்பாக்கித் தருவார். நெருப்போடு பழகிய கை என்பதால் பீரங்கித் திரியை அவரிடம் கொடுத்தார்கள். நல்ல மனிதர். யார் வீட்டில் சுவர் இடிந்தாலும் கேட்காமலே ஒரு கூடைச் சுண்ணாம்போடு போய் நிற்பார். ஒரே ஒரு குறை. நாலு பேர் கை தட்டினால் அவருக்குத் தலைகால் புரியாது.

பீரங்கிப் படைக்கு ஒரு வழக்கம் இருந்தது. கதையே அந்த வழக்கத்தில்தான் இருக்கிறது, அதனால் கவனமாகக் கேளுங்கள்.

வெளியூர்ப் படகு வந்தால் மூன்று வெடி போட வேண்டும். முதல் வெடி வெறும் சத்தம். அதைக் கேட்டு ஊரே துறைக்கு ஓடிவரும். இரண்டாவது வெடியும் வெறும் சத்தம்தான். அது போட்டதும் தலைத் தளபதி ஓலையில் சுருட்டிய ஊதுகுழலை வாயில் வைத்து, வந்தவர்களை மிரட்டுவார். வந்தவர்கள் நடுங்குவது மாதிரி நடுங்கி, துடுப்பைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்து, "சரணம், நண்டு மகாராஜா, சரணம்" என்று கத்த வேண்டும். மூன்றாவது வெடியில்தான் விஷயம் இருக்கிறது. அதில் குண்டுக்குப் பதிலாகப் பொரியும் பூவும் அடைத்திருப்பார்கள். வெடித்ததும் வந்தவர்கள் தலைமேல் பொரியாகக் கொட்டும். பிறகு விருந்து.

கருவாடு வாங்க வரும் வியாபாரிகளுக்கு இந்த வழக்கம் அத்துப்படி. அவர்களே போகும்போது, "அடுத்த தடவை எங்களை இன்னும் நல்லா மிரட்டணும்" என்று ஒரு சட்டி வெடிமருந்தும் கொடுத்துவிட்டுப் போவார்கள். வர வர நடிப்பில் போட்டியே வந்துவிட்டது. ஒருவர் மார்பில் அடித்துக்கொண்டு அழுவார். ஒருவர் மயங்கி விழுவார். சிலர் பயந்து ஓடுவதுபோலப் படகைத் திருப்பி, தெற்கு முனைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வார்கள். பசி எடுத்ததும் சரணம் பாடிக்கொண்டு வருவார்கள். யார் நன்றாகப் பயந்தார்களோ அவர்களுக்கு விருந்தில் பெரிய மீன்.

இப்படிப் பல வருஷம் நடந்தது. யாருக்கும் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. மருதப்பன் என்கிற வலை பின்னுகிறவர் காலை நண்டு தொட்ட வருஷத்தில்தான் அது நடந்தது.

அந்த வருஷம் கரையில் இரண்டு ராஜாக்களுக்குள் சண்டை மூண்டது. நிஜ ராஜாக்கள், நிஜச் சண்டை. வியாபாரிகள் வரவில்லை. தை போயிற்று, சித்திரை போயிற்று, ஆடியும் போயிற்று. ஒரு படகு வரவில்லை. தீவில் மீனுக்கும் நண்டுக்கும் குறைவில்லை என்பதால் யாரும் பட்டினி கிடக்கவில்லை. சடையாண்டி ஒருவர்தான் தவித்துப் போனார். காளவாயில் சிப்பி வேகும் நேரமெல்லாம் அவர் ஒரு புது மிரட்டலை யோசித்து யோசித்துச் சேர்த்து வைத்திருந்தார். அதைச் சொல்லிக் காட்ட ஆள் இல்லை. தன் மனைவியிடம் சொல்லிக் காட்டினார். அவள், "உப்பு எடுத்துக் குடுங்க" என்றாள்.

ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு நாள், மதியம் சாய்ந்த நேரம், கிழக்கே ஒரு பாய் தெரிந்தது.

சடையாண்டி காளவாயை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். மற்ற ஆறு தளபதிகளும் ஓடிவந்தார்கள். மருந்துச் சட்டியைத் திறந்தார்கள். வருஷம் முழுக்கச் செலவாகாத மருந்து நிறைய இருந்தது. சடையாண்டி வழக்கமாகப் போடுவதைப்போல இரண்டு பங்கு போட்டார். தேங்காய் நாரை அழுத்தி அடைத்தார்.

ஏழு தளபதிகளில் ஒருத்தி உலகி. பொரி வறுத்து விற்பவள், அதனால் மூன்றாம் வெடி அவள் பொறுப்பு. அவள் மட்டும் கையை நெற்றியில் வைத்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இது நம்ம வியாபாரிக பாய் இல்ல. கிழிஞ்ச சேலையெல்லாம் சேத்துத் தச்சிருக்கு."

"புதுசா வர்றவங்களா இருக்கும். அப்ப இன்னும் நல்லா வரவேற்கணும்."

"புதுசுன்னா நம்ம வழக்கம் தெரியாதே. இந்த ஒரு தடவை மொத வெடியிலயே பொரியைப் போட்ருவோமா?"

சடையாண்டி சிரித்தார். "மொதல்லயே பொரியைக் கொட்டிட்டா பயம் எப்படி வரும் உலகி? பயம் வந்தாத்தானே அப்புறம் சிரிப்பு வரும்."

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சாகும்வரை இதை மறக்கவில்லை.

முதல் வெடி போட்டார். இரண்டு பங்கு மருந்து அல்லவா, வாயாடி அன்று போட்ட சத்தம் அதுவரை யாரும் கேட்டதில்லை. கிணற்றுத் தண்ணீரே குலுங்கியது என்று பிற்பாடு சொன்னார்கள். சடையாண்டியின் இரண்டு காதும் கொய்யென்று இரைந்தன. ஊர் மொத்தமும் துறைக்கு ஓடிவந்தது. கடலில் அந்தப் படகு அப்படியே நின்றுவிட்டது.

இரண்டாம் வெடி போட்டார். புகை அடங்கியதும் ஊதுகுழலை எடுத்தார். ஒன்பது மாதமாகச் சேர்த்து வைத்த மிரட்டல் வாயிலிருந்து வந்தது.

"யாரடா அங்கே, நண்டு மகாராஜாவின் எல்லையிலே தலையை நீட்டுவது? முதல் வெடியில் உன் பாய் போகும். இரண்டாம் வெடியில் உன் படகு போகும். மூன்றாம் வெடியில் உன் பேரே இல்லாமல் போகும்."

ஊர் கைதட்டியது. மருதப்ப மகாராஜா ஓலைக் கிரீடத்தைக் கழற்றி ஆட்டினார். கூட்டத்தில் ஒருவர், "அடேயப்பா, இது அல்லவா மிரட்டல்" என்றார். சடையாண்டிக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை குளிர்ந்து போயிற்று.

படகில் இருந்தவர்கள் துடுப்பைத் தலைகீழாகத் தூக்கவில்லை. ஒரு கிழவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்துக் கும்பிட்டார். இரண்டு பேர் படகின் அடியில் படுத்துக்கொண்டார்கள். ஒரு பெண் எழுந்து நின்று, தன் கைக்குழந்தையை இரு கையாலும் உயரத் தூக்கிக் காட்டினாள்.

துறையில் நின்றவர்கள் இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். இத்தனை வருஷத்தில் குழந்தையைத் தூக்கிக் காட்டி யாரும் நடித்ததில்லை. இந்தத் தடவை பெரிய மீன் இவர்களுக்குத்தான் என்று பேசிக்கொண்டார்கள். நினைத்துப் பாருங்கள். நிஜமாகப் பயந்தவர்களைப் பார்த்தே இராத ஊர் அது. பயப்படுவதுபோல நடிப்பவர்களை மட்டுமே பார்த்துப் பார்த்துப் பழகிய ஊர். நிஜம் வந்து எதிரில் நின்றபோது அது நல்ல நடிப்பாகத் தெரிந்தது.

உலகி மட்டும், "அண்ணே, பிள்ளையை யாராச்சும் அப்படித் தூக்குவாங்களா?" என்று கேட்டாள்.

சடையாண்டி அந்தப் பெண்ணைப் பார்த்தார். முகம் தெரியாத தூரம்தான். ஆனால் தூக்கிய கைகள் நடுங்குவது தெரிந்தது. அவர் கையில் இருந்த திரி ஒரு கணம் நின்றது. கண் மூடித் திறக்கும் அளவுக்கு ஒரு கணம். பின்னால் ஊர் முழுக்க, "மூணு, மூணு, மூணு" என்று சத்தம் போட்டது. அவர் திரியை வைத்துவிட்டார்.

பொரியும் செவ்வரளிப் பூவும் வானத்தில் எழும்பி, மெதுவாகக் கடலில் விழுந்தன. படகு இருந்த இடத்துக்கு அவை எட்டவில்லை. படகு அதற்குள் திரும்பிவிட்டிருந்தது. சுக்கானைப் பிடித்திருந்தவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திருப்பியிருக்க வேண்டும். கிழக்கே போயிருந்தால் ஆழக்கடல். தெற்கே போயிருந்தால் முனை. அவர் வடக்கே திருப்பினார். வடக்கே தண்ணீருக்கடியில் பல்லுப்பாறை இருந்தது. நண்டுத்தீவில் பிறந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த பாறை அது.

"வடக்க போறாங்களே" என்றார் ஒருவர்.

"சுத்திக்கிட்டு வருவாங்க" என்றார் இன்னொருவர்.

மரக்கூட்டத்துக்குப் பின்னால் பாய் மறைந்தது. ஊர் விருந்துக்கு அடுப்பு மூட்டப் போயிற்று. சோறு வடித்தார்கள், மீன் குழம்பு வைத்தார்கள், பெரிய மீன் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தார்கள். சடையாண்டி துறையிலேயே நின்றார். சரணம் பாடும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். காதில் இரைச்சல்தான் இருந்தது. குழம்பின் மேல் ஆடை படியும் நேரம் ஆனதும் அவர் யாரிடமும் சொல்லாமல் படகைத் தள்ளினார். உலகி ஓடிவந்து ஏறிக்கொண்டாள்.

பல்லுப்பாறையில் சேலை தைத்த பாய் மட்டும் சிக்கிக் கிடந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு பலகை. பலகையில் அந்தப் பெண், அவள் கழுத்தில் குழந்தை. படகில் வந்தவர்கள் ஏழு பேர். ஐந்து பேரைக் கடல் கொண்டுபோய்விட்டது.

அந்தப் பெண்ணின் பேர் செங்கமலம். சண்டையில் ஊர் எரிந்துபோன தறிக்காரர்கள் அவர்கள். நெசவுத் தெருவைப் பீரங்கி வைத்துத்தான் கொளுத்தினார்களாம். மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் கடலில் கிடந்து, கரை ஒன்று தெரிந்ததும் இனிப் பிழைத்தோம் என்று கும்பிட்டார்களாம். இதெல்லாம் அவள் உடனே சொல்லவில்லை. உலகியின் வீட்டில் பாயில் படுத்துக் கிடந்தவள், ஏழாம் நாள் எழுந்து உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அதுக்குள்ள என்ன வச்சிச் சுட்டீங்க?"

வாசலில் சடையாண்டி நின்றிருந்தார். ஏழு நாளாக அங்கேதான் நின்றிருந்தார்.  உள்ளே போய்ப் பொரிக் கூடையில் ஒரு கை அள்ளிவந்து அவள் முன்னால் நீட்டினார்.

செங்கமலம் ஒரு பொரியை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "இது பொரின்னு எங்களுக்கு யாரு சொன்னா?"



மருதப்பன் சபையைக் கூட்டினார். கிரீடத்தைத் தலையில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை, மடியில் வைத்துக்கொண்டார். சடையாண்டி எழுந்து, "எனக்குத் தண்டனை சொல்லுங்க" என்றார். ஊர் கலங்கிவிட்டது. நல்ல மனிதர் அல்லவா. ஆளுக்கொரு சமாதானம் சொன்னார்கள்.

"பாறை நீ வச்சதா? அது கடல் வச்சது" என்றார் ஒருவர்.

"பாறையை நான் வைக்கல. படகை அது பக்கம் விரட்டுனது நான்" என்றார் சடையாண்டி.

"சண்டை போட்ட ராஜாக்களால வந்தது. அவங்க ஊரைக் கொளுத்தாம இருந்தா இவங்க கடலுக்கே வந்திருக்கமாட்டாங்க" என்றார் இன்னொருவர்.

"அவங்க கிட்ட தப்பிச்சு வந்தவங்க என் கிட்ட தப்பிக்கல."

"உனக்கு எப்படித் தெரியும்? நாங்க எல்லாருந்தான் நடிப்புன்னு நெனச்சோம்" என்றார் மூன்றாமவர்.

 சடையாண்டி தரையைப் பார்த்தார். பிறகு, "எனக்குத் தெரிஞ்சிருந்தது. மூணாவது திரி வைக்கிறதுக்கு முன்னால ஒரு கணம் தெரிஞ்சிருந்தது. நீங்க கை தட்டினீங்க, நான் வச்சிட்டேன்" என்றார். சபையில் யாரும் தலை நிமிரவில்லை.

மருதப்பன் செங்கமலத்தைப் பார்த்து, "நீயே ஒரு தீர்ப்புச் சொல்லு தாயீ" என்றார்.

அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "ராஜா வேஷம் கட்டினவங்க கிட்ட நான் என்னத்தத் தீர்ப்புக் கேக்க?" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் சடையாண்டி நாலு கூடைச் சுண்ணாம்பைச் சுமந்துகொண்டு துறை மேட்டுக்குப் போனார். மணலும் சுண்ணாம்பும் குழைத்து வாயாடியின் வாய்க்குள் திணித்தார். தொண்டை வரை திணித்து, மேலே பூசி, கையால் மெழுகினார். அது காய்ந்து பாறையாக இறுகும்வரை பக்கத்திலேயே இருந்தார். செங்கமலம் தண்ணீருக்குப் போகிற வழியில் நின்று பார்த்தாள்.

"வாயை அடைச்சா ஆச்சா?" என்றாள். "இனி வர்ற படகுக்கு இங்க தண்ணி இருக்குன்னு யாரு சொல்றது?"

அன்றிலிருந்து அவருக்கு ஒரு வேலை வந்தது. கடலில் எந்தப் பாய் தெரிந்தாலும் சரி, தெரிந்த பாயோ தெரியாத பாயோ, சடையாண்டி ஒரு சிறு படகில் ஒரு குடம் தண்ணீரோடு எதிரே போவார். குடத்தின் வாயை மூடமாட்டார், உள்ளே இருப்பது தண்ணீர்தான் என்று தூரத்திலேயே தெரிய வேண்டும் என்பதற்காக. கிட்டே போனதும், "பயப்படாதீங்க, இது நல்ல ஊரு" என்பார். பிறகு பல்லுப்பாறையைச் சுற்றி வழிகாட்டித் துறைக்குக் கூட்டிவருவார். மற்ற தளபதிகளும் முறை வைத்துத் துடுப்புப் போட்டார்கள். சண்டை நடந்த அந்தச் சில வருஷத்தில் இப்படி எத்தனையோ குடும்பங்கள் கரையேறின. நண்டுத்தீவில் தொண்ணூறாக இருந்த வீடு நூற்று முப்பது ஆயிற்று. தறிச்சத்தமும் கேட்கத் தொடங்கியது.

நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான். ஆனால் சடையாண்டிக்கு ஒரு விஷயம் தொண்டையில் முள்ளாக நின்றது. மூன்றாம் வெடியில் உன் பேரே இல்லாமல் போகும் என்று அவர் சொல்லியிருந்தார். அப்படியே ஆகிவிட்டது. போன ஐந்து பேரின் பேர் அவருக்குத் தெரியாது. யாரென்று சொல்லி மன்னிப்புக் கேட்பது, யாரென்று சொல்லிக் கடலில் ஒரு பிடி பூப்போடுவது?

அடுத்த ஐப்பசியில் செங்கமலத்தின் வீட்டு வாசலில் போய் நின்றார். "போனவங்க பேரை மட்டும் சொல்லு தாயீ. வேற ஒண்ணும் கேக்கல." அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்கடுத்த ஐப்பசியிலும் போனார். அவள் கதவைச் சாத்தவில்லை, பதிலும் சொல்லவில்லை. மூன்றாவது ஐப்பசியில் போனபோது தறியிலிருந்து எழுந்து வந்தாள்.

"கும்பிட்டாரே, அவரு என் மாமனாரு. பேரு வைரவநாதன்" என்றாள்.

அன்று ஒரு பேர்தான். மறு வருஷம் படகின் அடியில் படுத்திருந்த நாத்தனாரின் பேர் சொன்னாள், சிவகாமு. அடுத்த வருஷம் நாத்தனாரின் புருஷன், அரங்கன். அதற்கடுத்த வருஷம் கொழுந்தன், பதினெட்டு வயசுகூட ஆகாத நாகேசன். ஒரு வருஷத்துக்கு ஒரு பேர். அதற்கு மேல் சொல்ல அவளுக்குத் தாங்காது. சடையாண்டி ஒவ்வொன்றாக மனதில் ஏற்றிக்கொண்டார். குடத்தோடு படகில் போகும்போதெல்லாம் துடுப்புக்கு ஒரு பேராகச் சொல்லிக்கொண்டே போவார். வைரவநாதன், சிவகாமு, அரங்கன், நாகேசன்.

ஐந்தாவது பேருக்காக அவர் போனபோது, செங்கமலம் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

சடையாண்டிக்கு அப்போதுதான் விளங்கிற்று. மிச்சமிருப்பது சுக்கான் பிடித்தவர். அவள் புருஷன். புருஷன் பேரைப் பெண்சாதி சொல்லும் வழக்கம் அந்தக் காலத்தில் கிடையாது, உயிரோடு இருந்தாலும் சரி, போனாலும் சரி. பேர் சொல்லிக் கூப்பிடக்கூடியவர்கள் அப்பாவும் அக்காவும் மச்சானும்தான். அவர்கள் மூவரும் அதே படகில் போய்விட்டார்கள். அந்த நெசவுத் தெருவிலிருந்து பிழைத்து வந்தவர்கள் தீவில் வேறு யாரும் இல்லை. கைக்குழந்தையாக வந்த பிள்ளைக்கு அப்பா பேர் தெரியாது. உலகத்தில் அந்தப் பேரை அறிந்த ஒரே வாய், அதைச் சொல்லக் கூடாத வாய்.

"வேண்டாம் தாயீ" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி நடந்தார். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. நாலு துடுப்புக்கு நாலு பேர் சொல்வார். ஐந்தாவது துடுப்பைச் சும்மா போடுவார்.

வருஷங்கள் போயின. கரையில் சண்டை ஓய்ந்தது. தீவில் மறுபடி வட்டம் போட்டு நண்டு விட்டார்கள், மறுபடி வரிக்குப் பொய் சொன்னார்கள், சிரித்தார்கள். சடையாண்டி மட்டும் வட்டத்தில் காலை நீட்டவில்லை. அன்று காதில் தொடங்கிய இரைச்சல் நிற்கவே இல்லை. அது கொஞ்சம் கொஞ்சமாக மற்ற சத்தங்களை எல்லாம் தின்றுகொண்டே வந்தது. முதலில் குருவிச் சத்தம் போயிற்று, பிறகு மனைவியின் குரல், கடைசியில் கடலும் போயிற்று. ஊரில் இது யாருக்கும் சரியாகத் தெரியாது. அவர் முகத்தைப் பார்த்தே தலையாட்டிப் பழகியிருந்தார்.

ஒரு நாள் காலை அவரால் எழுந்திருக்க முடியவில்லை. கிழக்கே ஒரு பாய் தெரிந்தது என்று மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த நேரத்தில் செங்கமலம் உள்ளே வந்தாள். அவளுக்கும் தலை நரைத்திருந்தது. ஒரு செம்புத் தண்ணீரை அவர் உதட்டில் வைத்தாள். குடித்தார். பிறகு அவள் கதவுப் பக்கம் திரும்பி யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள். குனிந்து அவர் முகத்துக்கு நேரே வந்தாள். அவள் உதடு அசைந்தது.

சடையாண்டி அந்த உதட்டைப் பார்த்தார். என்ன சொல்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எந்தப் பேர் என்பது மட்டும் தெரியவில்லை. இத்தனை வருஷம் காத்திருந்த பேர், ஒரு விரல்கடை தூரத்தில், அவள் வழக்கத்தை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அவர் காதில் இரைச்சல்தான் இருந்தது. இன்னொரு தடவை சொல் என்று அவர் கேட்டிருக்கலாம். அவள் கண்ணைப் பார்த்தார். ஒரு தடவை சொல்லவே அவளுக்கு எவ்வளவு ஆயிற்று என்பது அதில் தெரிந்தது.

கேட்டுவிட்டதுபோலத் தலையாட்டினார். கையைக் குவித்துக் கும்பிட்டார். செங்கமலம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாரம் இறங்கியவளாக எழுந்து போனாள்.

அதுதான் நண்டுத்தீவின் தலைத் தளபதி கடைசியாக நடித்த நடிப்பு. அன்று சாயங்காலமே அவர் போய்விட்டார். அந்தப் பேர் அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

இன்றைக்கும் அந்தத் தீவுக்குப் படகு வந்தால் முதலில் வருவது ஒரு குடம் தண்ணீர்தானாம். வேடிக்கையெல்லாம் அதற்குப் பிறகுதான். சுண்ணாம்பு அடைத்த பீரங்கி துறை மேட்டில் அப்படியே கிடக்கிறது என்கிறார்கள்.

கேட்டவர்கள் வைத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவே: விளையாட்டு என்பது எதிரில் நிற்பவருக்கும் தெரிந்திருந்தால்தான் அது விளையாட்டு.